ஒரு துளி இரத்தம் சொல்லும் செய்தி

கிள்ளானில் ஓர் அரசு மருத்துவமனை. விடியற்காலையில் பிரசவ அறையில் ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. தொப்புள் கொடியை வெட்டியதும் அதிலிருந்து சிறிதளவு இரத்தத்தைத் தாதி ஒரு சிறு குழாயில் சேகரிக்கிறார். தாயின் பெயர் எழுதிய சீட்டு அதன்மேல் ஒட்டப்படுகிறது. தாய்க்குச் சூடான மைலோ வருவதற்குள் அந்தக் குழாய் ஆய்வகத்திற்குப் போய்விடுகிறது.

ஆய்வகத்தில் அந்த இரத்தத்துடன் ஒரு வேதிக் கலவை சேர்க்கப்படுகிறது. குறித்த நேரம் கழிந்ததும் அதிலிருந்து ஒரு துளியை எடுத்து வடிதாளில் வைத்து உலர்த்துகிறார்கள். அன்று பிறந்த மற்றக் குழந்தைகளின் துளிகளும் அதே தாளில் வரிசையாக இருக்கின்றன. பின்னர் அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கின் கீழே தாளைப் பிடிக்கிறார்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன. ஒரு புள்ளி மட்டும் இருண்டே கிடக்கிறது.

அது விடியற்காலையில் பிறந்த குழந்தையின் புள்ளி.

இருண்ட புள்ளிக்குப் பொருள் என்ன? நம் சிவப்பணுக்களில் ‘ஜி6பிடி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி இருக்கிறது. சிவப்பணுவைச் சிதைக்கக்கூடிய சில வேதிப்பொருள்களிலிருந்து அதைக் காப்பது இந்த நொதியின் வேலை. நொதி போதிய அளவு இருந்தால் ஆய்வகக் கலவையில் ஒளிரும் பொருள் உண்டாகும். குறைவாக இருந்தால் உண்டாகாது. மலேசியாவில் 1980களில் தொடங்கிய இப்பரிசோதனை இன்று பிறந்த குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்யப்படுகிறது.

இந்த நொதி குறைந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருப்பர். ஆனால், பிறந்த முதல் சில நாள்களில் கவனம் தேவை. சிவப்பணுக்கள் விரைவாகச் சிதைந்தால் மஞ்சள் காமாலை கடுமையாகும். அது மூளையைத் தாக்கினால் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம். கைகால் அசைவும் பாதிக்கப்படலாம். ஆகவே, குழந்தையைச் சில நாள் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கிறார்கள். வீட்டிற்கு அனுப்பும்போது சில பொருள்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டை, சில மூலிகைகள், சில மருந்துகள், ‘ஃபாவா’ எனப்படும் ஒருவகை அவரை ஆகியவை அவற்றுள் அடங்கும். கிரேக்க அறிஞர் பித்தகோரஸ் தம் மாணவர்கள் அவரையை உண்ணக்கூடாது என்று விதித்ததாக ஒரு பழங்கதை உண்டு. காரணம் இதுதானோ என்று சிலர் ஐயுறுகிறார்கள். அதை உறுதிசெய்ய வழியில்லை.

கிள்ளான் மருத்துவமனையில் தாதி இதை விளக்கியபோது, குழந்தையின் அம்மா வழிப் பாட்டி குறுக்கிட்டார்.

“எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி இல்லையே, மிஸ்ஸி. இது சீனவங்களுக்குத்தானே வரும்னு சொல்வாங்க?”

“சீனவங்களுக்குக் கூடுதலா வரும் பாட்டி. மலாய்க்காரவங்களுக்கும் வரும். நமக்குக் கொஞ்சம் குறைவு. ஆனா வராதுன்னு சொல்ல முடியாது.”

பாட்டியின் கேள்வி எளிய கேள்வியன்று. ஒரு தன்மை ஏன் சில மக்களிடையே கூடுதலாகவும் வேறு சிலரிடையே குறைவாகவும் இருக்கிறது? அது எங்கிருந்து வந்தது? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மனித உயிரியல் வேறுபாட்டை ஆராயும் அறிவியல் நூறாண்டுகளுக்கும் மேலாக இவற்றுக்கு விடை தேடி வருகிறது. அது முதலில் தவறான கருவியைத்தான் கையில் எடுத்தது.

மாலையில் பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையோரம் சிறிது நேரம் நின்றால் நூற்றுக்கணக்கான முகங்கள் கடந்து போகும். இவர் தமிழர், அவர் சீனர், அந்தப் பெண் மலாய்க்காரர் என்று நம் கண் உடனுக்குடன் பெயர் சூட்டும். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கண் பார்ப்பவை மிகச் சில: தோலின் நிறம், மூக்கு, கண்ணிமை, முடி. சிவப்பணுவிற்குள் இருக்கும் நொதி கண்ணுக்குத் தெரிவதில்லை. மனித வேறுபாட்டை ஆராய முற்பட்ட முன்னோடிகள் கண்ணையே நம்பினர். அதற்குத் துணையாக இடுக்கி போன்ற ஓர் அளவுகருவியை எடுத்துக்கொண்டனர்.

மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் அத்தகையவர். அவர் ஊர் ஊராகச் சென்று மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொண்டார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய நூல் 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்தது. அதே காலத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி என்னும் அதிகாரி, மூக்கின் அகலத்தைக் கொண்டு இந்தியச் சாதிகளை மேல்கீழாக அடுக்கவும் முயன்றார். மலாயாவும் தப்பவில்லை. 1901, 1902ஆம் ஆண்டுகளில் நெல்சன் அன்னன்டேல், ஹெர்பர்ட் ராபின்சன் ஆகிய இருவர் இங்குள்ள மக்களை அளந்தனர். ராபின்சன் பின்னர்க் கோலாலம்பூரில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார்.

அவர்கள் எடுத்த அளவுகள் பெரும்பாலும் துல்லியமானவை. பிழை, அளவிலிருந்து முடிவுக்குத் தாவிய இடத்தில் இருந்தது. தலையின் வடிவம் ஓர் இனத்தின் மாறாத முத்திரை என்று அவர்களுள் பலர் நம்பினர். அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 18,000 பேரை அவர் அளந்தார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம், ஐரோப்பாவில் பிறந்த உடன்பிறப்புகளின் தலை வடிவத்திலிருந்து மாறுபட்டிருந்தது. அம்மாற்றம் எவ்வளவு பெரிது என்பது பற்றி இன்றும் விவாதம் உண்டு. ஆயினும், சூழல் மாறினால் உடல் அளவும் மாறலாம் என்ற கருத்து அன்றே வலுப்பெற்றது. அப்படியானால் மரபு வழி வரும் வேறுபாட்டை வேறோர் இடத்தில்தான் தேட வேண்டும். இரத்தம் அந்த இடமாயிற்று.

ஜி6பிடி குறைபாடு கண்டுபிடிக்கப்பட்ட கதை மருத்துவமனையில் தொடங்கவில்லை, சிறையில் தொடங்குகிறது. 1940களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்திலுள்ள ஸ்டேட்வில் சிறையில் மலேரியா மருந்துகள் கைதிகளிடம் சோதிக்கப்பட்டன. பின்னர் ‘பிரிமாகுவின்’ என்னும் மருந்தும் அங்கே சோதிக்கப்பட்டது. அம்மருந்தை உட்கொண்ட சிலருக்குச் சிறுநீர் கறுத்தது. இரத்தச் சோகை உண்டானது. கறுப்பினக் கைதிகளிடையே இது கூடுதலாகக் காணப்பட்டது. பழுது எங்கே இருக்கிறது? மருந்தைக் கையாளும் உடலிலா, சிவப்பணுவிலா?

இதை அறிய ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். பாதிக்கப்பட்டவரின் சிவப்பணுக்களில் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, அவற்றை நலமானவரின் உடலில் செலுத்தினர். பிறகு நலமானவருக்கு மருந்து கொடுத்தனர். செலுத்தப்பட்ட அணுக்கள் அழிந்தன; அவருடைய சொந்த அணுக்கள் பிழைத்தன. எதிர்த்திசையிலும் செய்து பார்த்தனர். நலமானவரின் அணுக்கள் பாதிக்கப்பட்டவரின் உடலிலும் பிழைத்துக்கொண்டன. பழுது அணுவிற்குள்தான் என்பது 1954இல் தெளிவாயிற்று. அந்தப் பழுது ஜி6பிடி நொதியின் குறைவு என்பதை 1956இல் கண்டறிந்தனர். ஐயம் எழும்போது ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்க்கும் முறைக்கு இது நல்ல சான்று.

அந்தக் கைதிகள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தனர். ஆயினும், சிறைக்குள் அடைபட்டிருப்பவர் தரும் ஒப்புதலைத் தன்விருப்பத்தால் தந்த ஒப்புதல் என்று கொள்ளலாமா? இக்கேள்வி பின்னாளில் கடுமையாக எழுப்பப்பட்டது. கிள்ளான் குழந்தையைக் காக்கும் அறிவின் ஒரு பகுதி அங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இன்று மலேசியாவில் மனிதரை ஆய்வு செய்ய விரும்புவோர் முதலில் அறநெறிக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். ஓராங் அஸ்லி மக்களிடையே ஆய்வு செய்வதற்கு ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் இசைவும் தேவை.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். தீங்கு செய்யக்கூடிய ஒரு தன்மை தலைமுறை தலைமுறையாகக் குறைந்து மறைந்திருக்க வேண்டுமல்லவா? உலகில் கோடிக்கணக்கானோரிடம் அது எப்படி நிலைத்தது? விடையின் ஒரு நுனி கிள்ளானிலேயே கிடக்கிறது.

1901ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். ஊரெங்கும் சதுப்பு நிலம். மருத்துவமனை நிறைய மலேரியா நோயாளிகள். அதே ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று போர்ட் கிள்ளான் என அழைக்கப்படும் இடம் அதுதான். திறந்த சில வாரங்களிலேயே தொழிலாளர்கள் காய்ச்சலில் விழுந்தனர். துறைமுகத்தை மூட வேண்டியதாயிற்று. கொசுவால் மலேரியா பரவுகிறது என்பதற்கான முதற்சான்றை ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பிச் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார். குட்டைகளை மூடச் செய்தார். நகரை ஒட்டிய காட்டை அழிக்கச் செய்தார்.

பலன் கிட்டியது. ஆனால் அது வடிகாலால் கிட்டியதா, தற்செயலாக நோய் தணிந்ததா என்று எப்படித் தெரியும்? வாட்சன் பதிவேடுகளைப் புரட்டி இரண்டு கணக்குகளை அருகருகே வைத்தார். ஒன்று, வேலை நடந்த கிள்ளான் நகரும் துறைமுகமும். மற்றொன்று, வேலை நடக்காத மாவட்டத்தின் பிற பகுதிகள். முதற்கணக்கில் நோயும் மரணமும் சரிந்தன. இரண்டாவதில் அவ்வாறு சரியவில்லை. தோட்டங்களில் அவர் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார். மலேரியா ஓரிடத்தில் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதை விரல்நுனியால் அறியும் வழி அது. அப்பிள்ளைகளுள் பலர், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள்.

மலேரியா அவ்வளவு பேரைக் கொன்றது என்றால், அதைச் சற்றேனும் தாங்கக்கூடிய இரத்தம் உடையவர்கள் கூடுதலாகப் பிழைத்து, பிள்ளை பெற்று, அத்தன்மையைக் கடத்தியிருக்கலாம் அல்லவா? 1949இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் தலசீமியா என்னும் இரத்தக் குறைபாட்டைக் குறித்து இக்கருத்தை முன்வைத்தார். இவர் பின்னர் இந்தியாவில் குடியேறி 1964இல் புவனேஸ்வரில் மறைந்தவர். 1954இல் அந்தோணி அல்லிசன், அரிவாள் வடிவச் சிவப்பணு மரபு உடையவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சான்று தந்தார். ஜி6பிடி குறைபாடும் அவ்வாறுதானா என்ற கேள்வி அடுத்து எழுந்தது.

முதலில் நிலப்படத்தைப் பார்த்தனர். மலேரியா மிகுந்த நாடுகளில் குறைபாடும் மிகுந்திருந்தது. இது சான்றாகப் போதாது. வெப்ப நாடுகளில் தென்னையும் மிகுதி. அதனால் தென்னை மலேரியாவை உண்டாக்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. எனவே இத்தாலியின் சார்டினியா தீவில் மலையூர்களையும் தாழ்நிலத்து ஊர்களையும் ஒப்பிட்டனர். ஒரே தீவு மக்கள். மலேரியா மட்டும் தாழ்நிலத்தில் மிகுதி. குறைபாடும் தாழ்நிலத்தில்தான் மிகுந்திருந்தது. 1961இல் வெளியான இம்முடிவு ஐயத்தை ஒரு படி குறைத்தது.

அடுத்த படி நைஜீரியாவின் இபாடான் நகரில் எடுத்து வைக்கப்பட்டது. ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஆனால் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒன்றுதான் இயங்கும். ஆகவே, ஓர் எக்ஸில் மட்டும் குறைபாடு உள்ள பெண்ணின் உடலில் இருவகைச் சிவப்பணுக்களும் கலந்து ஓடும். ஒரே உடல், ஒரே உணவு, ஒரே கொசுக்கடி. அணு மட்டும் இரண்டு வகை. இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது. 1969இல் லுசாட்டோவும் உடன் பணியாற்றியோரும், மலேரியா கண்ட அத்தகைய சிறுமியரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, எவ்வகை அணுவில் ஒட்டுண்ணி கூடுதல் என்று எண்ணினர். நொதி நிறைந்த அணுக்களில் ஒட்டுண்ணி 2 முதல் 80 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

பிற்காலத்தில் டி.என்.ஏ. எழுத்துகளையே படிக்கும் வசதி வந்தது. அப்போது ஒரு வியப்பு காத்திருந்தது. ‘ஜி6பிடி குறைபாடு’ என்று ஒரே பெயரால் அழைத்துவந்தது ஒரே மாற்றத்தால் வந்ததன்று. ஒரே சொல்லைப் பல மாணவர்கள் வெவ்வேறு எழுத்தில் பிழையாக எழுதுவதுபோல, ஒரே மரபணுவில் பல இடங்களில் பல மாற்றங்கள். மலேசியாவில் நடந்த ஆய்வுகளில், சீனர்களிடையே ‘கான்டன்’, ‘கைப்பிங்’ எனப்படும் வகைகள் மிகுதியாகக் காணப்பட்டன. மலாய்க்காரர்களிடையே லாவோஸ் தலைநகரின் பெயரைத் தாங்கிய ‘வியன்சான்’ வகையும், ‘மத்தியதரைக்கடல்’ வகையும் காணப்பட்டன. இந்தியாவில் மத்தியதரைக்கடல் வகையோடு ‘ஒரிசா’, ‘கேரளா–கல்யாண்’ போன்ற வகைகளும் உண்டு.

புற ஊதா விளக்கின் கீழ் எல்லாம் ஒரே இருண்ட புள்ளிதான். வெவ்வேறு ஊர்களில் மலேரியா என்னும் ஒரே இடர் நெருக்கியபோது, வெவ்வேறு மாற்றங்கள் தனித்தனியே நிலைத்தன. ஆகவே, இரண்டு பேருக்கு ஒரே குறைபாடு இருப்பதால் அவர்கள் உறவினர் ஆகிவிடுவதில்லை. மத்தியதரைக்கடல் வகை இதிலும் ஒரு படி மேல். இந்தியாவிலும் மத்தியதரைக்கடல் பகுதியிலும் மாறிய எழுத்து ஒன்றே. ஆனால் அதன் அருகிலிருக்கும் மற்றோர் எழுத்து வேறுபடுகிறது. எனவே இம்மாற்றம் இரு இடங்களிலும் தனித்தனியே தோன்றியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அருகிலுள்ள எழுத்துகள் எவ்வளவு தூரம் கலையாமல் இருக்கின்றன என்பதைக் கொண்டு ஒரு மாற்றத்தின் வயதையும் மதிப்பிடலாம். சாரா டிஷ்காப் குழுவினர் 2001இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மத்தியதரைக்கடல் வகையின் வயது 1,600 முதல் 6,640 ஆண்டுகள். இடைவெளி பெரிதாகத் தோன்றலாம். ஆனால், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லும் எண் அது. மனித வரலாற்றில் இது மிக அண்மைக் காலம். மக்கள் உழவு செய்து ஓரிடத்தில் நிலையாகத் தங்கிய பிறகு நேர்ந்தது.

இவ்வாறு மரபணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர்களுள் ரிச்சர்ட் லெவான்டின் ஒருவர். உலக மக்களின் இரத்த வகைகளையும் புரதங்களையும் ஒப்பிட்டு, மனித வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட்குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது என 1972இல் அவர் காட்டினார். பிரிக்பீல்ட்ஸ் சாலையில் கண் சூட்டும் பெயர்கள், மீதமுள்ள சிறு பங்கின் ஒரு மூலையை மட்டுமே தொடுகின்றன. எனினும் அந்த மீதத்தை இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. எந்த வகை மாற்றத்தை எந்தச் சமூகத்தில் முதலில் தேடுவது என்று தெரிந்திருப்பது மருத்துவருக்கு உதவும். ஆனால், பெயரைப் பார்த்துப் பரிசோதனையைக் கைவிடுவது தவறு. கிள்ளான் ஆய்வகம், தாயின் இனம் எதுவாயினும் எல்லாத் துளிகளையும் ஒரே தாளில் வைப்பது அதனால்தான்.

உள்ளூரில் தொற்றும் மனித மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒருவகை மட்டும் தொடர்கிறது. வாட்சன் வடிகால் வெட்டிய கிள்ளானில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆனால், பழைய காய்ச்சலின் தடம் குழந்தைகளின் இரத்தத்தில் இன்னும் இருக்கிறது. ஊர் மாறும் வேகத்தில் மரபணு மாறுவதில்லை.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் மருத்துவர் ஒரு தாளில் கட்டங்களும் வட்டங்களும் வரைந்தார். கட்டம் ஆண், வட்டம் பெண். ஆண் குழந்தை தன் எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறது என்று விளக்கி, தாய்வழி உறவுகளைப் பற்றிக் கேட்டார். பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“எங்க அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, டாக்டர். எஸ்டேட்ல காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தாங்க. தின்னு ரெண்டு மூணு நாள்ல ஒன்னுக்கு கறுப்புக் காப்பி மாதிரி போச்சு. உடம்பெல்லாம் மஞ்ச. கண்ணு பட்டிருச்சுன்னு பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போனோம்.”

“அந்த மாத்திரை பேரு நினைவிருக்கா பாட்டி?”

“இல்லப்பா. அம்பது வருசம் ஆச்சு.”

மருத்துவர் பாட்டியின் அண்ணனுக்கு ஒரு கட்டம் வரைந்து, அதனுள் ஒரு கேள்விக்குறி இட்டார். நினைவு ஒரு தடயம். பரிசோதனை முடிவு ஆகாது. பிறகு குழந்தையின் தாய்க்கு அருகில் மற்றொரு கட்டம் வரைந்தார்.

“உங்களுக்கு ஆண் உடன்பிறப்பு உண்டா?”

“ஒரு தம்பி. வெளியில நிக்கிறான்.”

தாய்மாமன் உள்ளே வந்தார். மருமகனுக்கு மடியில் வைத்துக் காது குத்தும் நாளைப் பற்றி அப்போதுதான் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவர் அவர். செய்தியைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“எனக்கும் இருந்தா என்ன செய்யணும், டாக்டர்?”

“வீட்ல பாச்சை உருண்டை இருந்தா எடுத்துப் போட்டுடுங்க. எந்த கிளினிக் போனாலும், மருந்து எழுதுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லுங்க.”

தாதி அவருடைய கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடத் தொடங்கினார்.